பிள்ளை வராத நாளுக்கும் காசா? தோட்டப்புறத்தில் பிள்ளை பார்ப்பவர்கள் விடுமுறைக் கட்டணம் பேசும் முறை

விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தூக்கம் கலையாத பிள்ளையைக் கையில் வாங்கும் அக்காவும், பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) நேரமாகிவிட்டதே என்று ஓடும் தாயும் பெரும்பாலும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேசி முடித்திருப்பார்கள்: மாதம் இவ்வளவு. அந்த மாதத்தில் தீபாவளி வந்தால் எப்படி, அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால் எப்படி, பள்ளி விடுமுறையில் பிள்ளை பத்து நாள் பாட்டி வீட்டுக்குப் போனால் எப்படி என்பதெல்லாம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். வரும்போதுதான் மனத்தாங்கலும் வருகிறது. மலேசியாவின் பேரா மாநிலத்தில் சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் போன்ற ஊர்களில் இருவரும் ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள், ஒரே சந்தையில் காய் வாங்குகிறவர்கள். நாற்பது வெள்ளிக்காக (ரிங்கிட்டுக்காக) முகம் கொடுத்துப் பேசாமல் போவது இரண்டு வீட்டுக்கும் நல்லதல்ல. நடுவில் மாட்டிக்கொள்வது பிள்ளை.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறோம். விடுமுறை நாளுக்குக் கட்டணம் வாங்கலாம், வாங்கவும் வேண்டும். ஆனால் எல்லா விடுமுறைக்கும் அல்ல. பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: அன்றைக்குக் கதவைச் சாத்தியது யார்? பிள்ளை பார்ப்பவர் வீடு திறந்திருந்து பிள்ளை வரவில்லை என்றால் முழுக் கட்டணம். அவர் சாத்தினார் என்றால், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட நாள்களுக்கு மட்டும் கட்டணம், அதற்கு மேல் கழிவு. இருவரும் சாத்தவில்லை, பெருநாளோ வெள்ளமோ அரசாங்க உத்தரவோ சாத்தியது என்றால், என்ன செய்வது என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதி வைத்தபடி.

முதலில் கணக்கைப் பாருங்கள்

பலர் கட்டணத்தை நாள் கூலியாகவே நினைக்கிறார்கள். வந்த நாளுக்குக் காசு, வராத நாளுக்கு இல்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஓர் ஆண்டுக்குக் கணக்குப் போட்டால்தான் ஓட்டை தெரியும்.

ஒரு பிள்ளைக்கு மாதம் 350 ரிங்கிட், திங்கள் முதல் சனி வரை என்று வைத்துக்கொள்வோம். 350 என்பது கணக்குக்காக. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 4,200 ரிங்கிட். ஞாயிறுகள் 52 போனால் மிச்சம் 313 நாள். நாள் ஒன்றுக்கு 13 ரிங்கிட் 42 காசு.

இதில் 11 பொது விடுமுறையும், பிள்ளை பார்ப்பவரின் சொந்த ஓய்வு 8 நாளும் சேர்ந்து 19 நாள் கதவு சாத்தியிருக்கும். திறந்திருக்கும் நாள் 294. நாள் கூலியாக வாங்கினால் 3,945 ரிங்கிட் 48 காசு. ஒரு பிள்ளைக்கு 254 ரிங்கிட் 52 காசு குறைகிறது. பிள்ளையே வராத நாள்களையும் கழித்தால் இன்னும் மோசம். காய்ச்சல், மழை, ஊர்ப்பயணம், தாயின் விடுப்பு எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 25 நாள் வரவில்லை என்றால் மேலும் 335 ரிங்கிட் 50 காசு. ஆக ஒரு பிள்ளைக்கு 590 ரிங்கிட். மூன்று பிள்ளைகளுக்கு 1,770. மூன்று பிள்ளைகளின் ஒரு மாதக் கட்டணமே 1,050 ரிங்கிட்தான். அதாவது ஆண்டில் ஒன்றரை மாதத்துக்கும் மேல் சம்பளமில்லாமல் வேலை செய்ததாக ஆகிறது.

பிள்ளை வராத நாளில் செலவு குறையுமே என்பார்கள். குறைவது சாப்பாட்டுக் காசு மட்டும்தான்: கொஞ்சம் சோறு, முட்டை, மைலோ, பிஸ்கட் என்று நாளுக்கு இரண்டு மூன்று ரிங்கிட். வாடகை, மின்சாரம், தண்ணீர் அப்படியே நிற்கும். அந்த இடத்தை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கவும் முடியாது. நாளைக்கு உங்கள் பிள்ளை வருமே. மாதக் கட்டணம் என்பது அந்த இடத்தை உங்கள் பிள்ளைக்காக வைத்திருப்பதற்கான பணம். பெற்றோரிடம் பேசும்போது இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் சுலபம்.

ஆகவே முதல் விதி: நாள் கூலி பேசாதீர்கள். ஆண்டுக் கட்டணத்தைப் பன்னிரண்டால் வகுத்து, பிப்ரவரிக்கும் அதே தொகை, ஆகஸ்டுக்கும் அதே தொகை என்று வையுங்கள். பெற்றோருக்கும் இது வசதி. எந்த மாதம் எவ்வளவு என்று யோசிக்க வேண்டாம்.

எத்தனை நாள் ஓய்வு கேட்கலாம்

வீட்டில் பிள்ளை பார்ப்பவர் யாருக்கும் வேலையாள் அல்ல. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் அவருக்கு விடுப்பு தராது. அவர் பேசி வாங்குவதுதான் அவருக்கு. ஆனால் அந்தச் சட்டம் நல்ல அளவுகோல், ஏனென்றால் பெற்றோருக்கு அது தெரியும். வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டுக்குள் இருப்பவருக்குச் சம்பளத்தோடு ஆண்டு விடுப்பு 8 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 12 நாள், ஐந்து ஆண்டுக்கு மேல் 16 நாள். பொது விடுமுறை குறைந்தது 11 நாள். தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ தகப்பன் எதைத் தன் உரிமை என்று நினைக்கிறாரோ, அதில் மிகக் குறைந்த அளவைத்தான் பிள்ளை பார்ப்பவர் கேட்கிறார். 11-உம் 8-உம் சேர்த்து 19 நாள். யாரும் முகம் சுளிக்க முடியாத எண் இது.

நோய் விடுப்பைச் சட்டத்தில் உள்ளபடி 14 நாள் கேட்பது சரிவராது. தொழிற்சாலையில் ஒருவர் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) எடுத்தால் இயந்திரத்தை இன்னொருவர் பார்ப்பார். இங்கே அக்கா படுத்தால் அன்று காலை ஐந்தரைக்குத் தாய் நடுத்தெருவில் நிற்பாள். அன்றைக்கு வேறு ஒருவருக்கு 20 வெள்ளி கொடுத்துப் பிள்ளையை விட்டவளிடம், அதே நாளுக்கு நீங்களும் காசு வாங்கினால் அவள் மனத்தில் அது நிற்கும். ஆண்டுக்கு 3 நாள் வரை கழிவில்லை, நான்காவது நாளிலிருந்து கழிவு என்று வைப்பதே எங்கள் பரிந்துரை.

கழிவை எப்படிக் கணக்கிடுவது? மாதத்தில் எத்தனை நாள் என்று ஒவ்வொரு தடவையும் எண்ணாதீர்கள். வேலைவாய்ப்புச் சட்டம் மாதச் சம்பளக்காரரின் ஒரு நாள் கூலியைக் காண 26-ஆல் வகுக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளுங்கள். 350-ஐ 26-ஆல் வகுத்தால் 13 ரிங்கிட் 46 காசு, 13.50 என்று வைத்துவிடலாம். மூன்று நாள் கூடுதலாகச் சாத்தினால் 40 ரிங்கிட் 50 காசு கழிவு. மாத நடுவில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கும் இதே வழி: மிச்சம் 14 நாள் என்றால் 189 ரிங்கிட். தோட்டத்துப் பெற்றோருக்கு 26 என்பது செக்ரோலில் (வேலை நாள் பதிவேட்டில்) பழகிய எண், விளக்கமே தேவைப்படாது. வாரம் ஐந்து நாள் மட்டும் பார்ப்பவர்கள் 22-ஆல் வகுக்கலாம்.

துக்க நாள்களையும் பேசி வையுங்கள், பேசத் தயங்குவார்கள் என்றாலும். நெருங்கிய உறவில் சாவு என்றால் மூன்று நாள் கழிவில்லாமல் சாத்துவதை எந்தப் பெற்றோரும் மறுப்பதில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு நாள் கூட. இந்தியாவுக்குப் போவது வேறு கணக்கு: இரண்டு மூன்று வாரம் என்றால் இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்ட 8 நாளில் மிச்சம் இருப்பதைப் பயன்படுத்திக்கொண்டு, மற்றவற்றுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது.

பெருநாள்களும் திடீர் விடுமுறைகளும்

டிசம்பர் மாதம் சாமான் கடையில் நாள்காட்டி வாங்கியதும் உட்கார்ந்து சாத்தும் நாள்களைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். பொதுவாகத் தேசிய நாள், பேரரசர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம் ஆகிய ஐந்தையும் எந்த முதலாளியும் தவிர்க்க முடியாது. மிச்சம் ஆறை முதலாளி அறிவிப்பார். இங்கேதான் சிக்கல். ஒரு பிள்ளையின் தாய் வேலை செய்யும் தொழிற்சாலை தைப்பூசத்துக்கு விடுமுறை தரும், இன்னொரு தாயின் கடை தராது. எல்லோர் பட்டியலுக்கும் ஆட முடியாது. உங்கள் 11 நாளை நீங்களே முடிவு செய்து டிசம்பரிலேயே கொடுத்துவிடுங்கள். பேராவில் சுல்தான் பிறந்தநாள் நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை. தைப்பூசம் மாநில விடுமுறை, ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு முதல் நாள் இரவே வேலை தொடங்கிவிடும். தீபாவளிக்கு ஒரு நாள் போதாது. முதல் நாளும் மறுநாளும் சேர்த்து மூன்று நாள் வையுங்கள், கூடுதல் இரண்டு நாளை உங்கள் 8 நாளில் எடுங்கள். ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கும் அப்படியே. தீமிதி அன்று பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற வீடு அநேகமாக இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை விழும் பொது விடுமுறைக்கு மறுநாள் திங்கள் விடுமுறை. அந்தத் திங்களை வட்டமிட மறந்துவிட்டு, அன்று கதவைச் சாத்தியதால் வந்த சண்டைகள் நிறைய.

அரசாங்கம் திடீரென்று அறிவிக்கும் விடுமுறைகளும் உண்டு. 2022-இல் பொதுத்தேர்தல் முடிந்து நவம்பர் 28-ஐ விடுமுறையாக அறிவித்தார்கள். 1951-ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டத்தின் 8-ஆவது பிரிவின் கீழ் வரும் நாள்கள் இவை. இதற்கு ஒரு வரி எழுதி வைத்தால் போதும்: திடீர் விடுமுறையில் சாத்தலாம், கழிவில்லை, ஆனால் வேலைக்குப் போயே ஆக வேண்டிய பெற்றோர் முதல் நாள் மாலை ஏழு மணிக்குள் சொன்னால் திறந்திருக்கும்.

பொது விடுமுறையில் வேலைக்குப் போகிற பெற்றோருக்குப் பிள்ளை பார்த்தால் மாதக் கட்டணத்துக்கு மேல் தனியாக வாங்குங்கள். தயங்க வேண்டாம். அன்று வேலை செய்யும் மாதச் சம்பளக்காரருக்கு விடுமுறைச் சம்பளம் போக இரண்டு நாள் கூலி கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் ஓய்வு நாளைக் கொடுத்துத்தான் அவர் அதைச் சம்பாதிக்கிறார். 13.50-ஐ இரட்டிப்பாக்கி 27 ரிங்கிட் கேட்பது நியாயம். ஆனால் அதையும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அன்று மாலை பிள்ளையைத் தூக்க வரும்போது சொல்லக் கூடாது.

மழையும் இலையுதிர்வும்

பட்டணத்துத் தஸ்காக்களுக்கு (பிள்ளை பராமரிப்பு நிலையங்களுக்கு) தெரியாத சிக்கல் இது. விடியற்காலை மழை பெய்தால் ரப்பர் மரத்தின் பட்டை நனைந்து, பால் வெட்டிய கோட்டைத் தாண்டி வழிந்துவிடும், மரம் வெட்டிப் பால் எடுக்க முடியாது. பெரட்டிலிருந்தே திரும்பி வருகிறாள் தாய். பிள்ளையை அன்று வீட்டில் வைத்துக்கொள்கிறாள். மாதக் கடைசியில், ஆறு நாள் மழை அக்கா, எனக்கும் வேலை இல்லை, உங்களுக்கும் வேலை இல்லை, கழித்துக்கொள்ளுங்கள் என்கிறாள். பொய்யில்லை, அவளுக்கு வருமானம் உண்மையாகவே குறைந்திருக்கிறது. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை பால்மரம் இலையுதிர்க்கும் காலத்திலும் பால் குறைந்து கையில் வரும் காசு குறையும்.

மழை நாளுக்குக் கழிவு கொடுக்காதீர்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து, கதவைத் திறந்து, தண்ணீர் காயவைத்துக் காத்திருந்தது உண்மை. ஒருவருக்குக் கழித்தால் எல்லோருக்கும் கழிக்க வேண்டும், அதுவும் எல்லோருக்கும் ஒரே மாதத்தில். கட்டணத்தைக் குறைக்காமல், கட்டும் முறையை இளக்குங்கள். அந்த மூன்று மாதமும் பாதியை அட்வான்ஸ் நாளிலும் மீதியைச் சம்பள நாளிலும் வாங்கிக்கொள்ளுங்கள். நிஜமாகவே முடியவில்லை என்றால் 50 ரிங்கிட்டைத் தள்ளிவைத்து, பால் நன்றாக வரும் மாதங்களில் பத்துப் பத்தாக வாங்கலாம். எழுதி வைத்து இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கடனாகக் கொடுப்பது வேறு, கழிப்பது வேறு. கழித்த தொகையை மீண்டும் ஏற்ற முடியாது.

பிள்ளைக்கு நோய் என்றால்

சாதாரணக் காய்ச்சல், சளிக்கு விதி மாறாது: இடம் இருக்கிறது, கட்டணம் உண்டு. இங்கே கட்டணத்தை விடப் பெரிய விஷயம், காசு கட்டியிருக்கிறோமே என்று காய்ச்சல் பிள்ளையை மருந்து கொடுத்துக் கொண்டுவந்து விட்டுவிடுவது. காலையில் உடம்பு சூடு தெரியாது, பத்து மணிக்கு மருந்து இறங்கியதும் கொதிக்கும். ஆகவே உடம்பு 37.5 பாகைக்கு மேல் இருந்தால் அன்று வாங்கமாட்டேன் என்று தெளிவாகச் சொல்லுங்கள். வாசலிலேயே வெப்பமானி வைத்துப் பாருங்கள்.

கை, கால், வாய்ப்புண் நோய் வந்தால் நிலைமை மாறும். கொப்புளங்கள் காய்ந்து கிளினிக்கில் சரி என்று சொல்லும்வரை, வழக்கமாக 7 முதல் 10 நாள், அந்தப் பிள்ளை வரக் கூடாது. கட்டணம் அப்படியே இருக்கட்டும், சாப்பாட்டுக் காசை மட்டும் நாளுக்கு 3 ரிங்கிட் கழித்துக்கொடுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கும் பரவி வீட்டையே சாத்த வேண்டி வந்தால் முதல் 5 நாளுக்குக் கழிவில்லை, அதற்கு மேல் பாதிக் கட்டணம். பொம்மைகளையும் தரையையும் குளோராக்ஸ் வெளுப்பான் கலந்த தண்ணீரில் துடைக்க வேண்டிய நாள்கள் இவை. வேலை நின்றுவிடுவதில்லை என்பதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லலாம்.

2020 மார்ச் 18-இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது யாரிடமும் இதற்கு விதி இல்லை. சிலர் முழுக் கட்டணம் கேட்டார்கள், சிலருக்கு ஒரு காசும் வரவில்லை. வெள்ளம், அரசாங்க உத்தரவு போன்றவற்றுக்கு இப்படி எழுதி வையுங்கள்: முதல் வாரம் முழுக் கட்டணம், அடுத்த மூன்று வாரம் பாதி, அதற்கு மேல் நீண்டால் கட்டணம் இல்லை, இடத்துக்கு உத்தரவாதமும் இல்லை. நஷ்டத்தை இருவரும் பங்கு போட்டுக்கொள்வதற்கு இதைவிட நல்ல வழியை நாங்கள் பார்க்கவில்லை.

நீண்ட காலம் வராத பிள்ளை

நவம்பர் கடைசியில் பிள்ளையை நிறுத்திவிட்டு ஜனவரியில் மீண்டும் கொண்டுவருவது தோட்டப்புறத்தில் அடிக்கடி நடக்கிறது. பெரிய அக்காள் பள்ளி விடுமுறையில் வீட்டில் இருப்பாள், சின்னதை அவள் பார்த்துக்கொள்வாள் என்ற கணக்கு. ஒரு மாதக் கட்டணம் மிச்சம். இடத்தை இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டால் ஜனவரியில் கண்ணீரோடு நிற்பார்கள். இரண்டே வழி சொல்லுங்கள்: பாதிக் கட்டணம் கட்டி இடத்தைப் பிடித்து வையுங்கள், அல்லது ஒரு மாத அறிவிப்போடு முறையாக நிறுத்திக்கொள்ளுங்கள், இடம் இருந்தால் பிறகு பார்ப்போம்.

தாய்க்கு அடுத்த பிள்ளை பிறந்தால் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு 98 நாள், 2023 ஜனவரியிலிருந்து. அந்த மூன்று மாதமும் மூத்ததை வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். இதற்கும் பாதிக் கட்டணம், மூன்று மாதத்துக்கு 525 ரிங்கிட். இதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்பது எங்கள் எண்ணம். விடுப்பு முடிந்ததும் இரண்டு பிள்ளைகளும் வரப்போகிறார்கள்.

வெள்ளைத் தாள் ஒன்றில் பிள்ளைக்கு எத்தனை வயது என்றும் குறித்துக்கொள்ளுங்கள், இரண்டு பிள்ளைகள் வரும்போது இது முக்கியம். ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களிலிருந்து 4 வயதுக்குட்பட்ட 4 பிள்ளைகளைக் கூலிக்குப் பார்க்கத் தொடங்கினாலே 1984-ஆம் ஆண்டு பிள்ளை பராமரிப்பு நிலையச் சட்டப்படி உங்கள் வீடு தஸ்கா. சமூகநல இலாகாவில் பதிய வேண்டும். பத்துக்குக் குறைவான பிள்ளைகள் என்றால் வீட்டுத் தஸ்கா என்ற வகை. பதிவதில் இன்னொரு நன்மை: 6 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கட்டும் கட்டணத்துக்குப் பெற்றோர் ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் வரை வருமானவரி விலக்குக் கேட்கலாம். பதிந்த இடத்தின் ரசீதுக்கு மட்டுமே அது செல்லும். வரி கட்டும் பெற்றோரிடம் விடுமுறைக் கட்டணம் பேசும்போது இது கைகொடுக்கும்.

பள்ளி விட்டு வரும் பிள்ளைகள்

தமிழ்ப்பள்ளி விட்டு மதியம் வரும் பிள்ளைகளுக்குக் கணக்குத் தலைகீழ். பள்ளி விடுமுறையில் அவர்கள் காலையிலிருந்தே வருவார்கள். அரைநாள் கட்டணம் 180 என்றால், பள்ளி இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் கூடுதல் 8 ரிங்கிட், காலைச் சாப்பாடும் அதில் சேர்த்தி. விடுமுறை தொடங்க இரண்டு வாரத்துக்கு முன் எந்தெந்த நாள் வருவார்கள் என்று எழுதி வாங்குங்கள். எழுதிய நாளுக்கு வராவிட்டாலும் 8 ரிங்கிட் உண்டு. இல்லாவிட்டால் ஐந்து பேருக்குச் சோறு வைத்து இரண்டு பேர் வருவார்கள்.

தாளில் என்ன எழுத வேண்டும்

வக்கீல் தேவையில்லை. ஒரே பக்கம், இரண்டு பிரதி, இருவர் கையெழுத்து, தேதி. இப்படி எழுதலாம்:

"பிள்ளையின் பெயர், வயது. பார்க்கும் நாள் திங்கள் முதல் சனி, காலை 5.30 முதல் மாலை 4.30 வரை. கட்டணம் மாதம் 350 ரிங்கிட், ஒவ்வொரு மாதமும் 8-ஆம் தேதிக்குள். பிள்ளை வராத நாளுக்குக் கழிவு இல்லை. ஒரு வாரம் முன்பே சொல்லித் தொடர்ந்து 6 நாளுக்கு மேல் வராவிட்டால் சாப்பாட்டுக் காசு நாளுக்கு 3 ரிங்கிட் கழிக்கப்படும். இணைத்துள்ள 11 பொது விடுமுறையும், பிள்ளை பார்ப்பவரின் ஓய்வு 8 நாளும், நோய் 3 நாளும் கட்டணத்தில் அடங்கும். அதற்கு மேல் சாத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 13 ரிங்கிட் 50 காசு அடுத்த மாதத்தில் கழிக்கப்படும். ஓய்வு நாள் ஒரு மாதத்துக்கு முன் சொல்லப்படும். பொது விடுமுறையில் பார்த்தால் நாளுக்கு 27 ரிங்கிட். நிறுத்துவதென்றால் இரு தரப்பும் ஒரு மாத அறிவிப்பு. முன்பணம் 175 ரிங்கிட், கடைசி மாதத்தில் கழிக்கப்படும்."

எட்டாம் தேதி என்பதற்குக் காரணம் இருக்கிறது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுக்கப்பட வேண்டும் என்பது சட்டம். ஒன்றாம் தேதி கேட்டால் கையில் இருக்காது, பதினைந்தாம் தேதி கேட்டால் மிச்சம் இருக்காது. முன்பணத்தை ஒரே தடவையில் கட்ட முடியாதவர்களிடம் இரண்டு தவணையில் வாங்குங்கள்.

இதோடு ஒரு நோட்டுப் புத்தகம். தினமும் பிள்ளை வந்த நேரம், போன நேரம், வராத நாளுக்குக் காரணம். உங்கள் ஓய்வு நாள் எத்தனை போயிற்று என்பதும் அதிலேயே இருக்கட்டும். பணம் கையில் வாங்கினால் சிறு ரசீது, வங்கியில் போட்டால் பிள்ளையின் பெயரைக் குறிப்பிடச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் படம் மட்டும் அனுப்பிவிட்டு, பணம் வந்ததா என்று பார்க்காமல் விட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

ஏற்கெனவே விதியில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தால்

இன்று சொல்லி நாளைக்கு மாற்றாதீர்கள். நவம்பரில் சொல்லி ஜனவரியிலிருந்து நடைமுறை. எல்லாப் பெற்றோருக்கும் ஒரே வாரத்தில் சொல்லிவிட வேண்டும். ஒருத்தி முதலில் கேள்விப்பட்டு மற்றவளிடம் சொன்னால் பேச்சு வேறு மாதிரி போய்ச் சேரும். காலையில் அவசரத்தில் பேசாமல், மாலையில் பிள்ளையைத் தூக்க வரும்போது உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்துப் பேசுங்கள். கேட்கப்போவது இதுதான்:

"என்னக்கா, பிள்ளை பத்து நாள் வரவே இல்ல. முழுசா கேக்குறீங்களே?"

சொல்லக்கூடியது:

"தங்கச்சி, அந்தப் பத்து நாளும் உன் பிள்ளை இடத்துல நான் வேற பிள்ளைய வைக்கல. பக்கத்துத் தாமான்லேருந்து ஒருத்தங்க கேட்டாங்க, இல்லன்னு சொல்லிட்டேன். உனக்கு லீவு எடுத்தா சம்பளம் வருதுல்ல, எனக்கு அப்படி யாரும் தர்றதில்ல. சாப்பாட்டுக் காசு முப்பது வெள்ளிய நானே கழிச்சிருக்கேன், பாரு."

கழித்ததை முதலில் காட்டுங்கள், பிறகு கேட்டதைச் சொல்லுங்கள். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினால் குரல் உயராது. தகப்பனிடம் பேச வேண்டியிருந்தால் தாயும் உடன் இருக்கும்போது பேசுங்கள்.

உறவுக்காரப் பிள்ளை என்றால்தான் பெரும்பாலும் இந்த விதியெல்லாம் உடைந்துபோகும். சொந்தத் தம்பி மகளுக்குச் சலுகை கொடுப்பது உங்கள் விருப்பம். கொடுப்பதென்றால் மாதக் கட்டணத்தில் 50 ரிங்கிட் குறைத்துக்கொடுங்கள். விடுமுறை விதியில் கைவைக்காதீர்கள். மற்றப் பெற்றோருக்குத் தெரிய வரும்போது குறைந்த கட்டணத்துக்கு உறவு என்று காரணம் சொல்லலாம், விதி ஆளுக்கொன்றாக இருப்பதற்குக் காரணம் சொல்ல முடியாது.

இரண்டு மாதம் கட்டாமலே ஒருவர் பிள்ளையை நிறுத்திவிட்டால் முன்பணத்தை எடுத்துக்கொண்டு, மீதிக்கு நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி இரண்டு வாரத் தவணை கொடுங்கள். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 ரிங்கிட் வரையிலான சிறு கோரிக்கையை வக்கீல் இல்லாமலே தொடுக்கலாம். ஆனால் சில நூறு வெள்ளிக்காக அந்த அளவுக்குப் போவதற்கு முன், இருவரும் மதிக்கும் கோயில் தலைவரையோ தோட்டத்துக் கிராணியையோ (எழுத்தரையோ) வைத்து ஒரு தடவை பேசிப் பாருங்கள். கையெழுத்துப் போட்ட தாளை அவர் முன்னால் வைத்தால் பாதிப் பணமாவது அன்றே வந்துவிடும். மீதிக்கு அவரிடமே தேதி கேட்டு அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதி வாங்குங்கள்.